பச்சைப் பெட்டி பெட்டைக்கு

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால், கதை சுவைக்க வேண்டும் என்று நான் ஒளித்து வைத்ததாக நினைப்பீர்கள். ஒளித்து வைத்தவர் அவர்தான். அதுவும் எந்த வேலையில் இருந்துகொண்டு தெரியுமா? பிறந்த கோழிக்குஞ்சின் நிறத்தைப் பார்த்து இது பெட்டை, இது சேவல் என்று பிரிக்கிற வேலையில்.

அவர் வேலை பார்க்கும் குஞ்சு பொரிப்பகத்தில் அவருக்குப் பெயர் கழுகு. மேனேஜரில் இருந்து தரை கூட்டுபவர் வரை எல்லோருக்கும் கழுகுதான். எனக்கு மச்சான். நான் அதே இடத்தில் குஞ்சுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் வேன் ஓட்டுகிறேன். அக்காவைக் கட்டியவர் என்பதால் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. அதில் நான் குறை வைத்ததும் இல்லை.

கோழிக்குஞ்சு என்றால் எல்லாமே மஞ்சள் பஞ்சு உருண்டை என்று நினைப்பவர்கள் அந்தப் பிரிக்கும் அறைக்குள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் வெக்கையும் முட்டை ஓட்டின் வாடையும் முகத்தில் அடிக்கும். காற்றில் பறக்கும் பொடி மயிர் இமையில் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்குபேட்டரில் இருந்து தட்டு தட்டாக வெளியே வரும் குஞ்சுகள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும்.

எங்களிடம் மூன்று ரகம் பொரிக்கிறது. ஒன்று கருப்பு ரகம். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், தலை முழுக்கக் கருப்பாக இருந்தால் பெட்டை. இதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இன்னொன்று செம்பழுப்புச் சேவலுக்கும் வெள்ளைக் கோழிக்கும் பிறப்பது. இதில் அப்பன் நிறம் மகளுக்கு, அம்மா நிறம் மகனுக்கு. பெட்டை பழுப்பாக இருக்கும், சேவல் வெளிர் மஞ்சளாக இருக்கும். மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும். எல்லாக் குஞ்சும் பழுப்பு, எல்லா முதுகிலும் அணிலுக்கு இருப்பது போலக் கோடு. கோடு தெளிவாக வெட்டினாற்போல இருந்து, கண்ணுக்குப் பின்னால் மை தீட்டின மாதிரி ஒரு கீற்று ஓடினால் பெட்டை. கோடு கலங்கிக் கிடந்தால் சேவல். இந்த மூன்றாவது ரகத்தில்தான் மச்சானுக்குக் கழுகு என்ற பெயர் வந்தது. மற்றவர்கள் குஞ்சை விளக்கடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் எடுத்த கையோடு போட்டுவிடுவார். தப்பு வந்ததே கிடையாது.

அவர் அங்கே சேர்ந்ததே முட்டை ஓடு அள்ளும் வேலைக்கு. ஒரு நாள் பிரிக்கிற ஆள் வராமல் போக, மேசையில் கைக்கு வந்ததை எடுத்துப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அப்போதிருந்த பெரிய மேனேஜர் அசந்துபோய், "உனக்குக் கலர் எல்லாம் நல்லா தெரியுமா?" என்று கேட்டாராம். இவர் "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டார். வேலை கிடைத்துவிட்டது. அந்த ஒரு பொய்யை அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் கட்டிக் காக்க வேண்டியதாகிவிட்டது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், மகளுக்குச் சிவப்பு நாடா வாங்கிவரச் சொல்லி அக்கா ஒரு நாள் அவரை அனுப்பினாள். நானும் கூடப் போயிருந்தேன். "சிவப்பு நாடா குடுங்க" என்றார். கடைக்காரர் ஏதோ நினைப்பில் பச்சையைச் சுருட்டிக் கொடுத்தார். இவர் பிரித்துப் பார்த்து, தலையாட்டி, பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். வேனில் ஏறிய பிறகுதான் நான் கேட்டேன்.

"என்ன மச்சான், சிவப்பு கேட்டுட்டுப் பச்சையை வாங்கிட்டு வர்றீங்க?"

அவர் பையைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "இது பச்சையா மாப்ள?" என்றார்.

முதலில் என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. பிறவியிலேயே அப்படியாம். சிவப்பு, பச்சை, பழுப்பு, ரோஸ் எல்லாம் ஒரே மாதிரி மங்கலாகத்தான் தெரியுமாம். குஞ்சுகளை அவர் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கவே இல்லை. எது கொஞ்சம் இருட்டு, எது கொஞ்சம் வெளிச்சம், கோடு எங்கே தொடங்கி எங்கே அறுபடுகிறது என்று பார்த்துத்தான் பிரிக்கிறார். நிறம் இல்லாததால் கோடும் புள்ளியும்தான் அவர் கண்ணில் முதலில் விழும்.

"வெளியில சொல்லிடாத மாப்ள. கலர் தெரியாதவனுக்குக் கலர் பிரிக்கிற மேசையில என்ன வேலைன்னு அன்னைக்கே அனுப்பிடுவாங்க. உங்க அக்காகிட்டயும் சொல்லாத. அவளுக்கு இந்தக் கண்ணு மேல அவ்வளவு பெருமை."

அக்காவுக்குப் பெருமை இருந்தது வாஸ்தவம். கூடவே அதே கண் மேல் தீராத வருத்தமும் இருந்தது. அது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்கு நன்றாகத் தெரியும். புதுசு உடுத்திக்கொண்டு போய் நின்றால் "நல்லா இருக்கு" என்பார். பழசோடு போய் நின்றாலும் அதே "நல்லா இருக்கு". எந்தத் துணி எடுக்கலாம் என்று கேட்டால் "நீ சொன்னா சரி". அக்கா என்னிடம் வந்துதான் பொரிந்து தள்ளுவாள். "கோழிக்குஞ்சு முதுகுல இருக்கற கோடு தெரியுதுடா அவருக்கு. கட்டின பொண்டாட்டி என்ன போட்டுட்டு நிக்கிறான்னு தெரியல. என்னை ஒரு நாளாவது கண்ணால பார்த்திருப்பாரா அந்த மனுஷன்?" நான் வாயைத் திறக்க முடியாமல் மென்று முழுங்குவேன். சத்தியம் வாங்கிக்கொண்டவர் நிம்மதியாக இருந்தார், நடுவில் கிடந்து நான்தான் முழித்தேன்.

இப்போது பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பிரித்த குஞ்சுகளைப் போடுவதற்கு இரண்டு வகைப் பிளாஸ்டிக் பெட்டி. பெட்டைக்குப் பச்சை, சேவலுக்குச் சிவப்பு. உலகத்தில் வேறு நிறமே கிடைக்காத மாதிரி இந்த இரண்டையும் எவன் யோசித்துப் பிடித்தானோ. பெட்டி கழுவுகிற அம்மா பச்சையை எப்போதும் மேசைக்கு வலப்பக்கம் அடுக்குவார், சிவப்பை இடப்பக்கம். மச்சான் வலது கையால் பெட்டையைப் போடுவார், இடது கையால் சேவலைப் போடுவார், நிறைந்ததும் மூடிவிடுவார். பெட்டியின் நிறத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தும் பயனில்லை.

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பதிலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். ஒல்லியாக, யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று சொல்கிற ஆள். தண்ணீர்க் குழாய் இடப்பக்கம் இருந்ததால், கழுவக் கழுவப் பச்சைப் பெட்டிகளை அங்கேயே அடுக்கிவிட்டார். சிவப்பு வலப்பக்கம் போய்விட்டது. வலப்பக்கம் இடப்பக்கம் என்று ஒரு வழக்கம் இருப்பதையே அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லப் பயந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குப் பொரித்தது இரண்டாவது ரகத்தில் புதிதாக வந்த வெளிர் வகை. பெட்டையின் பழுப்பே பால் அதிகமாகிப்போன டீ நிறத்தில்தான் இருக்கும், முதுகில் லேசாக ஒரு நிழல் மாதிரி கோடு. மச்சான் பிரித்தார், மூடினார். நான் ஏற்றினேன். சிவப்புப் பெட்டிகளைப் போகிற வழியில் சாயக்காரர் கொட்டகையில் இறக்கினேன். சேவல் குஞ்சுகளை மலிவாக வாங்கி, ரோஸ், பச்சை, ஆரஞ்சு என்று சாயத்தில் முக்கி, குழந்தைகளுக்கு விற்கிறவர் அவர். அப்புறம் பச்சைப் பெட்டிகளோடு முட்டைப் பண்ணைக்குப் போனேன். அந்தப் பண்ணைக்காரம்மா குஞ்சுக் கொட்டகையைக் காலையில் இருந்தே விளக்குப் போட்டுச் சூடாக்கி, தீனித் தட்டெல்லாம் வைத்துக் காத்திருந்தார்.

முதல் பெட்டியைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். மூன்றாவதைத் திறக்கவில்லை.

"தம்பி, நான் முட்டைக்குக் கேட்டேனா, கறிக்குக் கேட்டேனா?"

எட்டிப் பார்த்தேன். எல்லாம் வெளிர் மஞ்சள். ஒரு பெட்டை இல்லை. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பண்ணைக்காக இல்லை, மச்சானுக்காக.

திரும்பி வந்தபோது பொரிப்பகமே அமளிதுமளியாக இருந்தது. மேனேஜரைப் பண்ணைக்காரம்மா போனிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டிருந்தார். மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் யார் மேலாவது கோபத்தை இறக்கி வைக்காவிட்டால் அவருக்கு மூச்சு முட்டிவிடும். கழுகு தப்புப் பண்ண மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் பெட்டியை மாற்றியது யார்? புது ஆள்தானே.

"நான் மூடியைத் தொடவே இல்லைங்க," என்று அந்தப் பெண் அழுதார். "கழுவி வச்சேன், அவ்வளவுதாங்க."

"கழுகு பிரிச்சுப் போட்டது சரியாத்தான் இருக்கும். நீதான் எடுத்து வைக்கிறப்போ இந்தப் பெட்டியில இருந்து அந்தப் பெட்டிக்குக் கொட்டியிருக்கணும். வேற யாரு?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே உலுக்கியிருப்பேன். சத்தியம் என் வாயைக் கட்டியிருந்தது. அவருடைய வாயைக் கட்டியது பயம். ஒருவர் வேலை போகப் போகிறது, அது யாருடையது என்பதுதான் கேள்வி, அவருக்கு அது தெரியும்.

அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்க மேனேஜருக்கு நேரமில்லை. பெட்டைக் குஞ்சுகளைச் சாயக்காரரிடம் இருந்து மீட்டாக வேண்டும். இந்த வகையில் அடுத்த பொரிப்பு வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவரும் மச்சானும் இன்னொரு பிரிக்கும் ஆளும் ஏறிக்கொண்டார்கள். வேனை விரட்டினேன்.

போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது. பல்புகளுக்குக் கீழே குஞ்சுகள் ரோஸ், பச்சை, ஆரஞ்சு என்று காய்ந்துகொண்டிருந்தன. "இன்னைக்குச் சாயம் சரியா ஏறலைங்க, ரெண்டு முக்கு முக்கினேன்," என்றார் சாயக்காரர். அது போதாதென்று வேறொரு இடத்தில் வாங்கிய சேவல் குஞ்சுகளையும் சாயம் போட்டு அதோடு கலந்துவிட்டிருந்தார். மேனேஜர் ஒரு ரோஸ் குஞ்சைக் கையில் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு பச்சையை எடுத்துப் பார்த்தார். கூட வந்த பிரிக்கும் ஆள் நாலைந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது சார், இதுல ஒண்ணும் தெரியாது," என்று கையை விரித்துவிட்டார். கழுவிப் பார்க்கலாம் என்றால், அத்தனையையும் நனைத்தால் குளிரில் செத்துவிடும்.

மச்சான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு பெட்டி குடுங்க" என்றார். நான் ஒன்றை வலப்பக்கமும் ஒன்றை இடப்பக்கமும் வைத்தேன். அவர் ஆரம்பித்தார்.

வழக்கமான வேகத்தில் பிரித்தார். ரோஸ் குஞ்சு வலது பக்கம், அடுத்த ரோஸ் குஞ்சு இடது பக்கம், பச்சை இரண்டு வலது பக்கம். எங்கள் எல்லோருக்கும் சாயம் கண்ணை மறைத்தது. அவர் கண்ணுக்கு அந்தச் சாயம் வெறும் அழுக்குத் தண்ணீர். கீழே இருக்கிற இருட்டும் முதுகின் நிழல் கோடும் அப்படியே தெரிந்திருக்கின்றன. நம்ப முடியாமல் மேனேஜர் வலப்பக்கத்தில் இருந்து ஒன்றும் இடப்பக்கத்தில் இருந்து ஒன்றும் எடுத்து வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துணியில் சுற்றிக் காயவைத்தார். ஒன்று டீ நிறம், ஒன்று வெளிர் மஞ்சள். சாயக்காரர் தொழிலையே விட்டுவிடலாமா என்பதுபோல நின்றார்.

முடிந்ததும் மேனேஜர் மச்சான் முதுகில் தட்டினார். "கழுகு கழுகுதான்யா. உன் கண்ணை இன்ஷூர் பண்ணி வைக்கணும்." ரோஸ், பச்சைப் பெட்டைகளைப் பண்ணைக்காரம்மாவிடம் இறக்கியபோது, "இது முட்டையும் கலர் கலரா போடுமா?" என்று கேட்டார். மயிர் உதிர்ந்து புதுசு முளைத்தால் சரியாகிவிடும் என்று மேனேஜர் சமாதானம் சொன்னார்.

திரும்பும்போது கூட வந்த அந்தப் பிரிக்கும் ஆள் பின்னால் பெட்டிகளோடு உட்கார்ந்துகொண்டார். முன்னால் நாங்கள் மூன்று பேர். மேனேஜர் நல்ல குஷியில் இருந்தார். நாற்சந்தியில் சிக்னல் விழுந்து நின்றோம். "போனதும் அந்தப் புதுப் பொம்பளையை நாளையில இருந்து வரவேண்டாம்னு சொல்லிடணும்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

மச்சான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த விளக்கு என்ன கலர்?"

"எது, சிக்னலா? சிவப்பு. ஏன்?"

"எனக்கு அது மேல இருக்கற விளக்கு சார். கீழ இருக்கறது எரிஞ்சா போகலாம். கலர்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. பொறந்ததுல இருந்தே."

மேனேஜர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அந்தம்மா எதையும் கொட்டி மாத்தல. பெட்டியை இடம் மாத்தி அடுக்கியிருந்தாங்க, அவ்வளவுதான். பச்சை எது, சிவப்பு எதுன்னு நான் பார்க்கல. பார்த்தாலும் தெரிஞ்சிருக்காது. தப்பு என்னோடது. அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

கீழ் விளக்கு எரிந்துவிட்டது போலிருக்கிறது. பின்னால் இருந்து ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். நான் வண்டியை எடுக்கவில்லை. மச்சான்தான் "போ மாப்ள" என்றார்.

பொரிப்பக வாசல் வந்தது. மேனேஜர் இறங்கும்போது, "அப்போ அந்த ரோஸ் குஞ்செல்லாம்?" என்றார்.

"எல்லாம் குஞ்சு மாதிரிதான் சார் இருந்துச்சு."

மேனேஜர் கதவைச் சாத்தினார். "நாளைக்கு வா," என்றார். "அந்தம்மாவையும் வரச் சொல்லு." அவ்வளவுதான். மறுநாளில் இருந்து பச்சைப் பெட்டிகளின் கைப்பிடியில் தடிமனாக ஒரு கயிறு தொங்குகிறது. கட்டியது அந்தப் புதுப் பெண்தான். எந்தப் பக்கம் அடுக்கினாலும் மச்சான் கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுகிறார். அங்கிருப்பவர்கள் கொஞ்ச நாள் கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக் காட்டி "இது என்ன கலர் கழுகு?" என்று கேட்டுப் பார்த்தார்கள். கழுகு என்ற பெயர் மட்டும் போகவில்லை.

ஆனால் அதெல்லாம் மறுநாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வேனை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "நீயும் வீட்டுக்கு வா மாப்ள" என்றார். மேனேஜரிடம் சொல்வதற்கு நடுங்காத குரல் அப்போது நடுங்கியது.

அக்கா கொடியில் இருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். பெட்டி, சாயம், சிக்னல், எல்லாம். அக்கா கடைசி வரை கேட்டாள். கையில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உனக்குத் தெரியுமாடா?" என்றாள் என்னிடம். நான் தரையைப் பார்த்தேன். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நல்லா முட்டாளாக்கியிருக்கீங்க."

"பயந்துட்டேன்," என்றார் அவர்.

"என்கிட்ட என்ன பயம்? நான் என்ன வேலையை விட்டா அனுப்பப் போறேன்?" என்று சத்தம் போட்டாள். அழுகையும் வந்துவிட்டது. நியாயமான அழுகைதான். எத்தனை வருஷம் ஒரு வார்த்தைக்காக அவர் முன்னால் போய் நின்றிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ கல்யாணத்தன்னைக்கு நான் என்ன போட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது," என்றாள். கேட்கவில்லை, தீர்மானமாகச் சொன்னாள்.

"கலர் தெரியாது," என்றார் மச்சான். "கீழ் ஓரத்துல சின்னச் சின்னதா பூவேலை. எல்லாப் பூவும் மேல பார்த்து இருந்துச்சு. இடது பக்கம் ஒரே ஒரு பூ மட்டும் தலைகீழா. நீ நடக்கறப்போ எல்லாம் அந்த இடத்தைக் கையால மடிச்சுப் பிடிச்சுக்கிட்டே நடந்தே."

அக்கா துண்டைக் கீழே வைத்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி ஒரு பூவை நான் பார்த்ததில்லை. எங்கள் அம்மா பார்த்ததில்லை, வந்த கூட்டத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. அக்கா உள்ளே போய் அடிப்பெட்டியில் இருந்து அந்தத் துணியை எடுத்து வந்தாள். ஓரத்தைக் கையால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். பூ தலைகீழாகத்தான் இருந்தது.

"கல்யாணத்துக்கு முதல் நாள்தான் நானே பார்த்தேன்," என்றாள். "அபசகுனம் அது இதுன்னு யாராவது கிளப்பிடுவாங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

அவர் குனிந்து அந்தப் பூவைக் கட்டைவிரலால் தடவினார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது சிவப்புங்க," என்றாள்.

"சரி," என்றார் மச்சான்.